இருபத்தைந்து வைக்கோல் போரும் ஆயிரம் பிள்ளையாரும்

ஐரோப்பிய ஓவியம் பற்றி எந்தப் புத்தகத்தைப் பிரித்தாலும் ஒரு கதை கண்டிப்பாக இருக்கும். பிரான்ஸில் ஜிவெர்னி என்று ஒரு கிராமம். அங்கே க்ளோட் மோனே என்று ஒரு ஓவியர். பக்கத்து வயலில் கதிர் அறுத்துப் போர் போட்டு வைத்திருக்கிறார்கள். 1890-ம் வருடக் கோடை முடிகிற சமயத்தில் அதை வரைய ஆரம்பித்தவர், 1891 தொடக்கம் வரை அதையே வரைந்துகொண்டிருந்தார். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, பனியில் ஒன்று, வெயிலில் ஒன்று. மொத்தம் சுமார் 25 படங்கள். 1891 மே மாதம் பாரீஸில் துராண்ட்-ருவேல் என்கிற வியாபாரியின் கூடத்தில் அதில் 15 படங்களை வரிசையாக மாட்டினார்கள். சீக்கிரமே விற்றுப் போயின. அந்த வரிசையில் ஒரு படம் 2019-ல் நியூயார்க் ஏலத்தில் 11 கோடி டாலருக்கு மேல் போனது.

இதைப் படிக்கிற எல்லோரும் ஆஹா என்கிறார்கள். என்ன தவம், என்ன தேடல், ஒரே பொருளை இத்தனை தடவை பார்க்க எப்படிப்பட்ட கண் வேண்டும் என்கிறார்கள். சரிதான். அது பெரிய விஷயம்தான். மறுப்பதற்கில்லை.

இப்போது கள்ளக்குறிச்சிக்கு வாருங்கள். கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் வட்டாரங்களில் மரச்சிற்ப வேலை பரம்பரையாக நடக்கிறது. மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த கலை என்று சொல்வார்கள். 2021-ல் 'கள்ளக்குறிச்சி மரச்சிற்பம்' என்று புவிசார் குறியீடும் கிடைத்தது. ஒரு பட்டறையில் உளியும் கொட்டாப்புளியுமாக உட்கார்ந்திருப்பவர் முப்பது வருடமாகப் பிள்ளையார் செதுக்குகிறார் என்று வையுங்கள். ஆயிரம் பிள்ளையாராவது அவர் கையால் பிறந்திருக்கும். அவரிடம் வருகிறவர் என்ன சொல்கிறார்?

"என்னண்ணா, எல்லாம் ஒரே பிள்ளையார்தானே? கொஞ்சம் கொறைச்சுக் குடுங்க."

மோனே ஒரே போரை 25 தடவை வரைந்தால் தேடல். கள்ளக்குறிச்சிக்காரர் ஒரே பிள்ளையாரை ஆயிரம் தடவை செதுக்கினால் 'ரிப்பீட்டு'. முன்னவர் கலைஞர், பின்னவர் கைவினைஞர். முன்னவர் படத்தின் கீழே கையெழுத்து இருக்கும். பின்னவர் சிலையின் கீழே விலைச் சீட்டு இருக்கும்.

இந்தப் பாகுபாட்டுக்கு என்ன நியாயம் என்று கேட்டால் மூன்று பதில்கள் வரும். மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

முதல் பதில்: "ஓவியர் தானாகத் தேர்ந்தெடுத்தார். சிற்பி ஆர்டருக்குச் செய்கிறார்."

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த ஓவியர்களின் கணக்குப் புத்தகத்தைக் கொஞ்சம் புரட்டினால் வேறு கதை தெரியும்.

எட்கர் டெகா என்றாலே பாலே நடனப் பெண்கள். சுமார் 1,500 படங்கள், பாஸ்டல்கள், வரைபடங்களில் அவர்கள்தான். ஏன் இத்தனை? பிடித்திருந்தது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. 1874-ல் அவருடைய அப்பா இறந்தார். குடும்பத்தின் வங்கித் தொழில் நொடிந்து கிடந்தது, தம்பி பெருங்கடன் வைத்திருந்தார். டெகா வீட்டையும் சேர்த்து வைத்திருந்த ஓவியங்களையும் விற்றுக் கடனை அடைத்தார். அதுவரை சொத்தில் வாழ்ந்தவர், அதற்குப் பிறகு படம் விற்றுத்தான் சாப்பிட வேண்டியிருந்தது. நடனப் பெண்கள் படங்களுக்குச் சந்தையில் கிராக்கி இருந்தது. வரைந்தார், விற்றார். இதில் கேவலம் ஒன்றுமில்லை. ஆனால் இதற்கு 'ஆர்டர்' என்று பெயர் வைக்காமல் 'ஈடுபாடு' என்று மட்டும் பெயர் வைப்பது ஏன்?

மோனேயும் அப்படித்தான். 1890-ல் ஜிவெர்னி வீட்டைச் சொந்தமாக வாங்கினார். வாங்குவதற்குப் படங்கள் விற்க வேண்டியிருந்தது. பின்னால் ரூவான் தேவாலயத்தை 30-க்கும் மேற்பட்ட படங்களாக வரைந்து, 1895-ல் அதில் 20-ஐ ஒன்றாகக் காட்சிக்கு வைத்தார். ஒரு வரிசை நன்றாக விற்றால் அடுத்த வரிசை வரும். இது எந்தத் தொழிலிலும் இருக்கிற கணக்கு.

ஆர்டரே இல்லாமல் ஒரே பொருளைத் திரும்பத் திரும்ப வரைந்தவர் வேண்டுமென்றால் பால் செசானைச் சொல்லலாம். பிறந்த ஊர் எக்ஸ். ஊருக்கு வெளியே சாந்த் விக்துவார் என்ற மலை. 1880-களில் தொடங்கி 1906-ல் சாகிற வரை அந்த மலையை எண்ணெய் வண்ணத்தில் மட்டும் முப்பது தடவைக்கு மேல் வரைந்தார், நீர்வண்ணங்கள் தனி. பெரும்பாலான காலம் வாங்க ஆளில்லை. பிறகு எப்படி முடிந்தது? அவருடைய அப்பா வங்கி வைத்திருந்தவர். 1886-ல் அவர் இறந்தபோது மகனுக்கு நல்ல சொத்து வந்தது. மலையை முப்பது தடவை பார்க்கப் பொறுமை வேண்டும், ஒப்புக்கொள்ளலாம். அடுத்த மாத அரிசிக்கு வழியும் வேண்டும் என்பதையும் சேர்த்து ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்த மலையின் உயரம் 1,011 மீட்டர். அதாவது சுமார் 3,300 அடி. நம் கல்வராயன் மலை சுமார் 2,000 முதல் 4,000 அடி வரை போகிறது. ஆக உயரத்தில் இரண்டும் பங்காளிகள். கச்சிராயப்பாளையம் பக்கம் கோமுகி அணையில் நின்று பார்த்தால் காலை ஆறு மணிக்கு ஒரு நீலம், பத்து மணிக்கு ஒரு பச்சை, மழை வருவதற்கு முன் ஒரு கறுப்பு என்று அது மாறிக்கொண்டே இருக்கும். வெள்ளிமலைக்குப் பஸ் ஏறிப் போகிறவர்களுக்கு இது தெரியும். கல்வராயனை முப்பது தடவை வரைந்தவர் என்று யார் பெயரும் பாடப்புத்தகத்தில் இல்லை. மலையில் குறை இல்லை. அதன் அடிவாரத்தில் பிறந்து, கையில் தூரிகை பிடிக்கத் தெரிந்த ஒருவருக்கு, இருபது வருடம் விற்காத படம் வரைய யார் சோறு போட்டிருப்பார்கள்? அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் 'தானாகத் தேர்ந்தெடுத்தார்' என்று பேச வேண்டும்.

இரண்டாவது பதில்: "சிற்பிக்கு விதி இருக்கிறது. அளவு மாறக் கூடாது. அதில் எங்கே சுதந்திரம்?"

விதி இருப்பது உண்மை. தாலக்கணக்கு என்பார்கள். முகத்தின் நீளம் ஒரு தாலம். சிவன், திருமால் போன்றவர்களுக்குத் தச தாலம், பிள்ளையாருக்குப் பஞ்ச தாலம். எந்தக் கையில் என்ன இருக்க வேண்டும், எப்படி உட்கார வேண்டும் என்பதற்கும் தியான சுலோகம் உண்டு.

சரி, இப்போது யோசெஃப் ஆல்பர்ஸ் என்பவரைப் பார்ப்போம். ஜெர்மனிக்காரர். 1933-ல் அமெரிக்கா போனவர். 1950-ல் சதுரம் வரைய ஆரம்பித்தார். சதுரத்துக்குள் சதுரம், அதற்குள் இன்னொரு சதுரம். அளவு மாறாது. நான்கே நான்கு அமைப்புகள்தான், கட்டம் போட்டுக் கணக்கு வைத்து வரைவார். மாறுவது வண்ணம் மட்டும். 1976-ல் இறக்கிற வரை இப்படி ஆயிரத்துக்கும் மேல் வரைந்தார். உலகத்தின் பெரிய அருங்காட்சியகங்களில் அவை இருக்கின்றன. யாரும் அவரிடம் போய் 'எல்லாம் ஒரே சதுரம்தானே' என்று பேரம் பேசவில்லை. விதியை இறுக்கிப் பிடித்ததால்தான் வண்ணத்தின் நுட்பம் தெரிந்தது என்று எழுதுகிறார்கள். அது உண்மையும்கூட.

அதே வாதத்தைத் தச தாலத்துக்குச் சொன்னால் என்ன கெட்டுப்போகும்? அளவு ஒன்றாக இருக்கும்போதுதான் உளியின் வித்தியாசம் தெரியும். மரத்தின் ரேகை துதிக்கையில் எப்படி விழுகிறது, தொந்தியில் எப்படிச் சுழல்கிறது, கண்ணின் இமையை எவ்வளவு ஆழம் வெட்டியிருக்கிறார், நகையை அடர்த்தியாகப் போட்டிருக்கிறாரா காற்றோட்டமாக விட்டிருக்கிறாரா, இவை எதற்கும் சுலோகத்தில் அளவு கிடையாது. பத்து பட்டறைச் சிலைகளைக் கலந்து வைத்தால், 'இது இன்னார் கை' என்று அந்தத் தொழிலில் இருப்பவர் சொல்லிவிடுவார். வெளியே இருக்கிற நமக்குத்தான் எல்லாம் ஒன்றாகத் தெரிகிறது. கண் பழகாதவனுக்கு மோனேயின் 25 போர்களும் ஒன்றுதான்!

இன்னொரு வேடிக்கை. ஆல்பர்ஸின் அப்பா வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவர், தச்சு வேலையும் தெரிந்தவர். ஆல்பர்ஸ் படித்துப் பாடம் நடத்திய பௌஹவுஸ் பள்ளி 1919-ல் தொடங்கியபோது, கலைஞனுக்கும் கைவினைஞனுக்கும் அடிப்படையில் வித்தியாசம் இல்லை என்றுதான் அதன் நிறுவனர் வால்டர் குரோப்பியஸ் அறிவித்தார். ஐரோப்பாவில் நூறு வருடத்துக்கு முன் அவர்களே கேள்வி கேட்ட சுவரை, நாம் இங்கே சுண்ணாம்பு அடித்துப் பாதுகாத்துக்கொண்டிருக்கிறோம்.

மூன்றாவது பதில்: "ஓவியர் ஒவ்வொன்றிலும் புதிதாக ஒன்றைச் சொன்னார். சிற்பி காப்பி அடிக்கிறார்."

காப்பி என்ற சொல் வந்துவிட்டது. நல்லது. வின்சென்ட் வான்காவின் சூரியகாந்திகள் எல்லோருக்கும் தெரியும். 1888 ஆகஸ்டில் ஆர்ல் நகரத்தில் வரைந்த ஒன்று லண்டனில் இருக்கிறது. ஆம்ஸ்டர்டாமில் இருப்பது 1889 ஜனவரியில் அவரே அந்த லண்டன் படத்தைப் பார்த்துத் திரும்ப வரைந்தது. அப்போது பூ கிடையாது, பருவம் முடிந்துவிட்டது. தன் படத்தைத் தானே பார்த்து வரைந்தார். அதைப் பார்க்க இன்று உலகம் வரிசையில் நிற்கிறது. யாரும் காப்பி என்று சொல்வதில்லை. சொல்லவும் கூடாது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மஞ்சள் வேறு, கோடு வேறு, கை போன வேகம் வேறு.

பக்கத்தில் வைத்துப் பார்த்தால்... விஷயமே அங்கேதான் இருக்கிறது.

மோனேயின் போர்கள் தனித்தனியாக 25 வீடுகளுக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வைக்கோல் போர் படம் இருந்திருக்கும், அவ்வளவுதான். துராண்ட்-ருவேல் 15 படங்களை ஒரே அறையில், ஒரே பெயரின் கீழ் மாட்டினார். அன்றைக்குத்தான் அது 'வரிசை' ஆனது. பார்க்கிறவர் ஒரு படத்திலிருந்து அடுத்ததற்குக் கண்ணை நகர்த்தும்போதுதான் வெளிச்சம் நகர்ந்தது.

கள்ளக்குறிச்சி சிற்பிக்கு அந்த அறை ஒருநாளும் கிடைத்ததில்லை. ஒரு பிள்ளையார் முடிந்தவுடன் பெங்களூரில் யாரோ ஒருவர் பூஜை அறைக்குப் போய்விடுகிறது. அடுத்தது சென்னையில் ஒரு ஹோட்டல் வரவேற்பறைக்கு. அதற்கடுத்தது சிங்கப்பூருக்கு. தான் பத்து வருடத்துக்கு முன் செதுக்கியதையும் நேற்றுச் செதுக்கியதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற வாய்ப்பு அவருக்கே இல்லை. ஊரார் யாரும் பார்த்ததில்லை. பார்க்காமலேயே 'எல்லாம் ஒன்று' என்று தீர்ப்பு எழுதிவிட்டோம்.

சரி, எல்லாப் பட்டறையிலும் எல்லாச் சிலையும் உயிரோடு இருக்கிறதா? இல்லை. அவசரத்துக்குச் செய்தது, கை சோர்ந்து செய்தது, சம்பளத்துக்குச் செய்தது எல்லாம் இருக்கும். மோனேயிடமும் அப்படி இருந்தது. திருப்தியில்லாத தன் படங்களைக் கிழித்தும் எரித்தும் போட்டவர் அவர். அதற்கு அவருக்கு வசதி இருந்தது. சரியாக வராத சிலையை அடுப்பில் வைக்க எந்தப் பட்டறைக்குக் கட்டுப்படியாகும்? நல்லதையும் சுமாரானதையும் பிரித்துச் சொல்வதுதான் விமர்சனம். நாம் செய்வது அதுவல்ல. மொத்தமாகக் 'கைவினைப் பொருள்' என்று ஒரு அலமாரியில் போட்டு மூடிவிடுகிறோம்.

இது வெறும் மரியாதைப் பிரச்சினையா?

இல்லை, காசுப் பிரச்சினை. கொஞ்சம் சட்டம் பேசலாம், பொறுத்துக்கொள்ளவும்.

1957-ம் வருடப் பதிப்புரிமைச் சட்டம் 'கலைப் படைப்பு' என்பதற்குக் கொடுக்கிற விளக்கத்தில் ஓவியமும் சிற்பமும் ஒன்றாகவே வருகின்றன. கலைத்தரம் இருக்கிறதா இல்லையா என்றுகூடச் சட்டம் கேட்பதில்லை. கலைநயமுள்ள கைவினையும் அதே பிரிவில் அடக்கம். அதாவது கலை வேறு, கைவினை வேறு என்று நாம் போடுகிற கோட்டைச் சட்டம் போடவில்லை. படைத்தவர் வாழ்நாளும், அதற்குப் பின் 60 வருடமும் உரிமை. 57-ம் பிரிவு, இது என் படைப்பு என்று உரிமை கோரும் உரிமையைக் கொடுக்கிறது. 53-ஏ பிரிவு இன்னும் சுவாரசியமானது. ஒரு மூல ஓவியமோ சிற்பமோ 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனை ஆனால், அதில் ஒரு பங்கு படைத்தவருக்குச் சேர வேண்டும், அதிகபட்சம் 10 சதவீதம் வரை.

தாலக்கணக்கும் தியான சுலோகமும் எல்லோருக்கும் பொது, அதற்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. அந்த மரத்தில் அந்த உளி செய்த வேலை அப்படியா? அதைக் கேட்க முதலில் ஒன்று வேண்டும். செய்தது யார் என்று தெரிய வேண்டும். பெயர் இல்லாத சிலைக்கு எந்தப் பிரிவும் உதவாது. சம்பளத்துக்கு வேலை செய்கிற சிற்பியாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம், முதல் உரிமையாளர் முதலாளிதான் என்று சட்டமே சொல்லிவிடும்.

'புவிசார் குறியீடு இருக்கிறதே' என்பார்கள். இருக்கிறது. நல்லதுதான், வேறு ஊரில் செய்துவிட்டுக் கள்ளக்குறிச்சி என்று விற்பதைத் தடுக்க அது உதவும். ஆனால் 1999-ம் வருடச் சட்டப்படி அது ஊருக்கும் தொழிலுக்கும் கொடுக்கிற அடையாளம். பத்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். உற்பத்தியாளர் ஒவ்வொருவரும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிந்துகொள்ளலாம். அதற்குப் பிறகும் சிலையின் மேல் இருக்கிற பெயர் ஊரின் பெயர்தான், ஆளின் பெயர் அல்ல. மோனே படத்தின் கீழே 'ஜிவெர்னி எண்ணெய் ஓவியம்' என்று மட்டும் எழுதி விற்றிருந்தால் எப்படி இருந்திருக்கும்? யோசித்துப் பாருங்கள் :-)

நம்மூர் நவீன ஓவியர்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. கே.சி.எஸ். பணிக்கர் 1963 வாக்கில் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையை 1977-ல் இறக்கிற வரை தொடர்ந்தார். துறையூர்ப் பக்கம் பிறந்த ஆதிமூலம், காந்தி நூற்றாண்டை ஒட்டி 1969 சமயத்தில் காந்தியை நூறு கோட்டோவியங்களாக வரைந்தார். பிறகு அரசர்களை வரைந்துகொண்டே இருந்தார். இவர்களைக் கலைஞர்கள் என்று சரியாகவே கொண்டாடுகிறோம். பணிக்கரும் மாணவர்களும் 1966-ல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினார்களே, நிலம் வாங்க எங்கிருந்து பணம் வந்தது? பாத்திக் துணி முதலான கைவினைப் பொருட்களைச் செய்து விற்ற பணம். நவீன ஓவியத்துக்குச் சோறு போட்டது கைவினை. அந்தக் கடனையாவது ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

என்ன செய்யலாம்?

பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். நாலு காரியம் போதும்.

ஒன்று, சிலையின் அடியில் செதுக்கியவர் பெயர், வருடம், வரிசை எண். உளி பிடித்த கைக்கு அதைச் செதுக்க ஐந்து நிமிடம் ஆகாது. சாமி சிலையில் மனிதன் பெயரா என்று தயங்குகிறவர் இருந்தால் பீடத்தின் அடிப்பக்கத்தில் போடலாம், யார் கண்ணிலும் படாது.

இரண்டு, பில்லில் அந்தப் பெயர் வர வேண்டும். வாங்குகிறவர் கேட்டால் வரும், கேட்காவிட்டால் வராது.

மூன்று, பட்டறையை விட்டுப் போகிற ஒவ்வொரு சிலையையும் முன், பின், பக்கம் என்று போனில் படம் எடுத்து வைப்பது. பத்து வருடத்தில் அது ஒருவருடைய வாழ்நாள் வரிசை ஆகிவிடும்.

நான்கு, ஒரே ஒரு கண்காட்சி. நூறு சிற்பிகளின் நூறு சிலைகளைக் கடை மாதிரிப் பரப்புகிற கண்காட்சி வேண்டாம், அது நிறையவே நடக்கிறது. ஒரே சிற்பியின் 15 பிள்ளையார்களை ஒரே அறையில், ஒரே உயரத்தில், வருட வரிசைப்படி வைக்க வேண்டும். விலைச் சீட்டு இல்லாமல். கள்ளக்குறிச்சி 2019-ல் தனி மாவட்டம் ஆகிவிட்டது, அதற்கு ஒரு அறை கிடைக்காமலா போகும்?

அந்த அறையில் முதல் பிள்ளையாரிலிருந்து பதினைந்தாவது வரை ஒருவர் நடந்து பார்த்துவிட்டு வந்து, 'எல்லாம் ஒன்றுதான்' என்று சொன்னால் சொல்லட்டும். குறைந்தபட்சம் பார்த்துவிட்டுச் சொல்கிறார். அதுவரைக்கும், ஜிவெர்னி வைக்கோலுக்குக் கண் கலங்குகிறவர்கள் கள்ளக்குறிச்சியில் பேரம் பேசுவதற்கு முன்னால் ஒரு கேள்வியாவது கேட்கலாம்.

"அண்ணா, இதைச் செஞ்சவர் பேர் என்ன?"